பிரித் என்று எழுதிய பெட்டி

22 பெப்ரவரி, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் மண்டையைப் பிளக்கும் வெயில். பெருநாளுக்குப் பிறகு கடை திறந்த முதல் நாள். வேலைகள்:

பள்ளிவாசல் அம்ப்ளிஃபயர். உறுமல்.
டீக்கடை ரேடியோ. உள்ளே கரப்பான் குடித்தனம்.
படக்காரருக்கு ரீல் மெஷின் ஒன்று. ஓட வேண்டாமாம், சுழன்றால் போதுமாம். ஓடாதது எப்படிச் சுழலும்? கேட்டால் கோபம் வரும் அவர்களுக்கு.

மத்தியானம் டைரக்டர் ரவீந்திரன் கடைக்கு வந்தார். கொழும்பு ஆள், தாய் தகப்பன் யாழ்ப்பாணம், முப்பத்தைந்து வயதிருக்கும். தாசன் மாஸ்டரின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார். கட்டுக்கலையில் மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த மரியதாசன் மாஸ்டர். ஒரு காலத்தில் கண்டியில் தமிழ்க் கசெட் என்றால் அவர்தான். பதினொரு வருடம் அவரிடம் மெஷின் பார்த்தவன் நான். மனுசன் மண்ணுக்குள் போய் ஏழு வருடம்.

திரைக்கதைக் கொப்பியை மேசையில் வைத்தார். எங்கள் முஸ்லிம் சனம் அண்ணனை நானா என்பதுபோல் அவரும் என்னை அப்படியே கூப்பிடுகிறார். “நானா, ஒருக்கா வாசியுங்கோ. பிழை இருந்தால் கோடு போடுங்கோ. உங்களை விட்டால் கண்ணால கண்ட சாட்சி வேற ஆர் இருக்கினம்?”

சாட்சி.

பின்னேரம் தென்னக்கும்புரப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பை. சிப்பாய் கொப்பியைப் புரட்டினான். முழுக்கத் தமிழ் எழுத்து. என்ன இது என்று கேட்டான். படக்கதை என்றேன் சிங்களத்தில். கதாநாயகி யார் என்றான். சொன்னேன். முகம் சுளித்து விட்டுவிட்டான். வீடு இருக்கும் திகன வந்து இறங்கும்வரை முதுகு நனைந்தபடி.

23, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு கடை திறக்கவில்லை. வீட்டில் இருந்து கொப்பியை வாசித்தேன்.

மாஸ்டரை அப்படியே பிடித்திருக்கிறார். ஹெட்ஃபோனைச் சுவரில் அடிப்பது. கூடத்திலேயே பாய் போட்டுப் படுப்பது. தபேலாக்காரரைப் பதினெட்டுத் தடவை வாசிக்க வைத்துவிட்டு முதலாவதையே எடுத்துக்கொண்டது. சிரித்தேன். பெண்சாதி ஹலீமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு எண்பதாம் பக்கம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து ஐந்து மாதம். மாடித் தட்டு, மழைத் தூறல். மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு கையில் பிராந்திப் போத்தலும் மறு கையில் ஒரு ரீலுமாக நிற்கிறார். லெட்சுமி என்ற தேயிலைத் தோட்டத்துப் பெண் பாடிய நான்கு பாட்டின் ஒரே பிரதி. தீக்குச்சி. “இந்த ஊருக்கு இனிப் பாட்டு வேண்டாம்!” என்று கத்திக்கொண்டே எரிக்கிறார்.

மழைத் தூறல் நான் போட்டது. சாரம் மடித்தது நான் போட்டது. அந்த வசனமும் நான்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகைக்காரர் கடைக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். அவிழ்த்துவிட்டேன். இப்போது அச்சடித்தாற்போல் முன்னால் வந்து நிற்கிறது.

ஒரு கோடும் போடவில்லை.

24, சனி

பல்லேகலயில் ஒரு பழைய களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, மாஸ்டரின் கூடம் மாதிரிச் செய்திருக்கிறார்கள். முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கதிரைகூட அதே பச்சை. மாஸ்டராக நடிப்பவர் நல்ல மனுசன், தொந்திதான் கூட. நாடாவைத் தலைகீழாக மாட்டினார். மூன்று தடவை காட்டிக் கொடுத்தேன்.

“உங்கட மாஸ்டர் அதிகமாச் சொல்லுற சொல் எது நானா?” என்று கேட்டார் ரவீந்திரன்.

“கடைசி வரைக்கும் கேள். ரீலை அழிக்க முந்தி கடைசி வரைக்கும் கேள். பழகுறவனுக்கெல்லாம் சொல்லுவார்.”

“அருமை! எழுதிக்கொள்ளுறன்.”

என் வாயால் நானே சொன்னேன் பாருங்கள்.

போகும்போது ரவீந்திரன் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த சனி எரிக்கும் காட்சி. பொலிஸ் அனுமதி தந்திருக்கிறது, ஒரு சார்ஜன் வந்து பக்கத்தில் நிற்பாராம். பெயர்ப் பட்டியல் கொடுத்தாயிற்று, அதில் என் பெயரும். இன்னும் ஒன்று. லெட்சுமி உயிரோடு இருக்கிறாள், புசல்லாவையில். அவள் சம்மதிக்க வேண்டும். படத்துக்குக் காசு போடுபவர், வழக்கு வந்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். ஆகவே ஒரு கடிதம்: ‘மரியதாசன் ஒலிநாடாவை எரித்ததை நேரில் கண்டேன்.’ கீழே என் கையெழுத்து. சனிக்கு முன்னால்.

“சின்ன வேலைதானே நானா.”

“ஓ.”

25, ஞாயிறு

பிள்ளைகள் உறவுக்காரர் வீட்டுக்கு. நிம்மதி. பதிமூன்று வருடமாக இந்த டயரிக் கொப்பியில்கூட எழுதாததை எழுதுகிறேன். எழுதிவிட்டுக் கிழித்தாலும் கிழிப்பேன்.

ஆடி மாதம் கண்டியில் தமிழ்க் கடைகள் எரியத் தொடங்கியபோது மாஸ்டர் தனியாகக் கூடத்தில் இருந்தார். நான் திகனயில், ஊரடங்கு. தமிழ் ரீல் பெட்டிகளின் எழுத்தையெல்லாம் மார்க்கரால் அடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் சிங்களத்தில் பிரித் என்று எழுதினார். பிக்குமார் ஓதும் புத்த வேதம். பிறகு பின் வழியாக இறங்கி ஓடினார்.

கூட்டம் மாடிக்கு ஏறியது. கண்ணாடி, கதிரை, ஹார்மோனியம் எல்லாம் நொறுக்கினார்கள். பிரித் பெட்டிகளில் கை வைக்கவில்லை. கட்டடச் சொந்தக்காரர் சொன்னார், கீழே விழுந்திருந்தவற்றையும் எடுத்து மேசைமேல் ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போனார்களாம்.

மாஸ்டர் அகதி முகாமுக்குப் போனார், அங்கிருந்து வடக்கே. கூடத்தை நான் கூட்டித் துடைத்தேன். பெட்டி விசயம் எனக்குத் தெரியாது, மாஸ்டர் பழைய பெட்டிகளில் பிரித் பதிந்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். அவரும் எங்கே நிம்மதியாகக் கடிதம் எழுதினார்?

அதிலிருந்து மூன்றாம் மாதம் ஒரு விகாரையிலிருந்து வந்தார்கள். புதிதாகப் பிரித் பதிய வேண்டும். கலவரத்துக்குப் பிறகு வந்த முதல் வேலை. புது நாடா எங்கேயும் கிடைக்கவில்லை. மேசையில் பிரித் பெட்டி. பழைய பிரித்துக்கு மேல் புதுப் பிரித், இதில் என்ன பாவம் என்று நினைத்தேன். எடுத்து மாட்டினேன். பதிந்தேன்.

கேட்கவில்லை. முதல் நிமிடம்கூடக் கேட்கவில்லை. பிக்குமார் காத்திருந்தார்கள், எனக்கு அவசரம்.

மற்ற பெட்டிகளில் இருந்தவை முன்பே கசெட்டாக வந்த பாட்டுகள். இதில் மட்டும்தான் லெட்சுமி. ஒரே பிரதி.

மாஸ்டர் திரும்பி வந்தார். அந்த ரீலைத்தான் முதலில் மாட்டினார். ஒரு நிமிடம் பிரித் கேட்டது. நிறுத்தினார். அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன், ஹெட்ஃபோனைக்கூட எறியவில்லை.

“வெளியில சொன்னியோ?”

“இல்ல மாஸ்டர்.”

“சொல்லாதை. பிரித் எண்டு எழுதித் தமிழ்ப் பாட்டு வைச்சிருந்தது தெரிஞ்சால் மிச்சக் கூரையும் போகும். அதில கை வைச்சது நீ எண்டு தெரிஞ்சால் உன்ர வீடும். நான் எரிச்சுப்போட்டன் எண்டு சொல்லுறன். குடிகாரன் எண்டு ஊர் ஏற்கெனவே சொல்லுது, இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.”

லெட்சுமி வந்து கேட்டபோது அப்படியே சொன்னார். நான் அலுமாரிக்குப் பக்கத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். சுருட்டிய வயரையே திரும்பச் சுருட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் உண்மையிலேயே குடித்துச் செத்தார்.

கிழிக்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் வைக்கிறேன்.

27, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். ரவீந்திரனுக்குப் பின்னணியில் அந்தக் காலத்துப் பிரித் ஒலி வேண்டுமாம். விகாரைகளில் என்னைத் தெரியும் என்று என்னை அனுப்பினார். எந்த விகாரைக்குப் போவது என்று எனக்குத் தெரியாதா? பல்லேகல வீதி ஓரத்து விகாரை. நான் பதிந்து கொடுத்த அதே கசெட், இன்னமும் அதைத்தான் போடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை அவர்களின் ஒலிபெருக்கியைத் திருத்துபவனும் நான். ஒருநாளும் கசெட்டைக் கேட்க மனம் வந்ததில்லை.

வயதான பிக்கு. கசெட்டைத் தர மாட்டேன் என்றார். ஒன்றுதான் இருக்கிறது, பௌர்ணமிப் போயா முடியட்டும், பிறகு வந்து இங்கேயே பிரதி எடு என்றார். நல்லது என்று எழுந்தேன். சிங்களத்தில் மெல்லச் சொன்னார்:

“பிரதி எடுக்கும்போது கவனம். ஓதல் முடிந்ததும் நிறுத்திவிடு. அதற்குப் பிறகு ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை பாடுகிறது.”

உட்கார்ந்துவிட்டேன்.

போட்டுக் காட்டினார். ஓதல் முடிந்தது. கரகரப்பு. பிறகு அவள். ஒன்றரை நிமிடம் இருக்கும், கசெட் தீர்ந்து டக்கென்று நின்றது. ரீலிலிருந்து கசெட்டுக்குப் பிரதி எடுத்த அன்று மெஷினை ஓடவிட்டுத் தொழப் போயிருந்தேன், இப்போது ஞாபகம் வருகிறது. ஓதல் ரீலைவிடக் குறைவாக இருந்திருக்கிறது. மிச்சத்தில் அவள் அழியாமல் இருந்திருக்கிறாள். அந்த ரீலை மாஸ்டருக்குப் பிறகு காணவில்லை.

நானும் கேட்கவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் கேட்டவர் இந்தப் பிக்கு ஒருவர்தான்.

“இத்தனை வருடமா தெரியுமா ஹாமுதுருவனே?”

“முதல் போயாவிலிருந்து. நல்ல குரல். ஆனால் வீதியில் காவலரண் இருக்கிறது, பார்த்தாய்தானே.”

28, புதன்

புசல்லாவைக்கு, படக்காரரின் வேனில், ரவீந்திரனும் நானும். வழியில் இரண்டு இடத்தில் சோதனை. கம்பளைக்கு அப்பால் குளிர். பெண்கள் கொழுந்துக் கூடையோடு வீதி ஓரமாக வரிசையாக.

லெட்சுமியின் லயக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறை. நாற்பதைத் தாண்டியிருப்பாள், முன்பல் ஒன்று இல்லை. என்னை அடையாளம் தெரிந்தது. “வாங்க நானா, உக்காருங்க. எளைச்சுப் போய்ட்டீங்களே.” பிளேன்டீ, சீனி தனியாகக் கையில்.

ரவீந்திரன் படத்தைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எரிக்கிறத காட்டுவீங்களா?”

“ஓம் அக்கா. அதுதான் முக்கியம்.”

“காட்டுங்க. நல்லாக் காட்டுங்க. அந்தாளு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, எரிச்சுட்டேன்னு. அப்புறம் நான் பாடவே இல்லங்க. பிள்ள பொறந்தப்ப தாலாட்டுக்கூடப் பாடல. அவ்வளவு கேவலமாவா பாடுனேன்னு தோணும். அவரு செத்ததுக்கும் போகல.”

சீனி கையிலேயே கரைந்து ஒட்டியது. வேனில் திரும்பும்போது ரவீந்திரன் கடிதத்தை நீட்டினார், டைப் அடித்தது. பேனாவும். வேன் ஆடுகிறது, வீட்டில் போடுகிறேன் என்றேன்.

கோழை. பதிமூன்று வருடப் பழைய கோழை.

1 மார்ச், வெள்ளி

கடைக்கு ஒரு கான்ஸ்டபிள். பட்டியலில் உள்ள பெயர்களைப் பார்க்க வந்தாராம். படத்தில் என்ன எரிக்கிறீர்கள், ஏன் எரிக்கிறீர்கள், புசல்லாவைப் பெண் இரவு எங்கே தங்குவாள். பதில் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு இருப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு.

ஹலீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வருடக் கல்யாணத்தில் இதைச் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“இப்ப சொன்னா நமக்குக் கரைச்சல் வருமா?”

“வரலாம். வராமலும் ஈக்கலாம்.”

“கையெழுத்து வெச்சா?”

“வராது.”

நறுக்கிய வெங்காயத்தைச் சட்டியில் தள்ளினாள்.

“அந்த மனுசன் ஒங்களுக்காகக் கெட்ட பேர வாங்கிட்டு மௌத்தாகி ஈக்காரு. அத நீங்க பேப்பர்ல வேற போட்டு ஊருக்கெல்லாம் காட்டி ஈக்கீங்க. ஏலாட்டி ஏலான்னு சொல்லுங்க. என்னட்டக் கேக்காதீங்க.”

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

2, சனி

பல்லேகல. ஒன்பது மணிக்கே எல்லாரும் தயார். களஞ்சியத்துக்கு வெளியே மொட்டைச் சுவர், அதுதான் மாடித் தட்டு. இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர். சார்ஜன் கதிரையில், காலுக்கு மேல் கால். மழைக்குக் குழாய் வேறு, என் மழை. லெட்சுமி வந்திருந்தாள், ஊதாச் சேலை, ஒரு மூலையில் நின்றாள். என் சட்டைப் பையில் கடிதம், கையெழுத்து இல்லாமல்.

தொந்தி நடிகர் போத்தலோடு தயார். இன்னொரு கையில் ரீல் பெட்டி. அதில் அழகான தமிழில்: ‘லெட்சுமி, 4 பாட்டு’.

“பிழை இருக்குதா நானா?” என்றார் ரவீந்திரன், சும்மா ஒரு மரியாதைக்கு.

“பிழை ஈக்கி.”

நடிகரின் கையிலிருந்து பெட்டியை வாங்கினேன். மார்க்கர் கேட்டேன். தமிழ் எழுத்தை அடித்தேன். கீழே சிங்களத்தில் பெரிதாகப் பிரித் என்று எழுதினேன். “இப்படித்தான் இருந்தது” என்று நடிகரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நடிகருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். பெட்டியைச் சுடுகஞ்சிச் சட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். தீப்பெட்டி வைத்திருந்தவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். சார்ஜன் எழுந்து வந்தார். வாசித்தார். என்னைப் பார்த்தார்.

“இதையா எரிக்கப் போகிறீர்கள்?” சிங்களத்தில், மெதுவாக.

“இல்லை சேர். ஒருவரும் எரிக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

ரவீந்திரன் முகம் வெளுத்து, சார்ஜனிடம் ஓடிப்போய், லேபல் மாறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று நாலு தடவை சொன்னார். பெட்டியை வாங்கித் துணியில் சுற்றினார். சார்ஜன் என் பெயரைக் கொப்பியில் எழுதினார். ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை எழுதினார்.

பிறகு களஞ்சியத்துக்குள், பச்சைக் கதிரைக்கு முன்னால், ரவீந்திரனுக்கும் லெட்சுமிக்கும் சொன்னேன். முழுவதும். மார்க்கர், பிரித், அவசரம், மாஸ்டர் சொன்ன பொய், நான் போட்ட மழை.

ரவீந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “இதை ஏன் நானா முதலே சொல்லேல்ல? எரிச்ச மனுசன் எண்டால் படம் இருக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்த மனுசனை நான் எப்படிக் காட்டுறது?”

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

லெட்சுமி என்னை அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

“அப்ப அவரு எரிக்கலையா?”

“இல்ல தங்கச்சி. நான்தான் அழிச்சேன். தெரியாம.”

“பிரித்துன்னு எழுதுனது?”

“உங்கட பாட்டக் காப்பாத்த.”

கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “பதிமூணு வருசமா அந்த மனுசனச் சபிச்சேன் நானா. கோயில்ல வெளக்கு வச்சுச் சபிச்சேன். நீங்க ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே. ஒரு கடுதாசி.”

விகாரைக் கசெட்டைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. திங்கள் போயா, பின்னேரம் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் போடுவார்கள், வாங்க என்றேன். வேனில் ஏறிப் போய்விட்டாள்.

3, ஞாயிறு

தலையிடி. இரண்டு பனடோல். பள்ளி அம்ப்ளிஃபயர் முடிந்தது.

எழுத்தே இல்லாத ஒரு பெட்டியை இன்று எரித்தார்களாம். நடிகர் சொல்லி அனுப்பினார். என் கடிதம் இல்லாமலே. மழைக் குழாயை மட்டும் வேண்டாம் என்று விட்டார்களாம்.

விகாரைக்குப் போய் பிக்குவிடம் சொன்னேன், பாடியவள் வரக்கூடும் என்று. மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. “கசெட்டை நிறுத்த என் கையும் சில நேரம் பிந்தும்” என்றார்.

4, திங்கள், போயா

கடை பூட்டு. வானம் மூடிக் கிடந்தது. ஐந்தரைக்கே பல்லேகல பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். எதிரே விகாரை, வெள்ளை உடுத்த சனம். நிறுத்தத்துக்கு இருபதடியில் காவலரண், இரண்டு சிப்பாய்கள்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க லெட்சுமி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தனியாக. உள்ளே வர மாட்டேன் என்றாள், வீதியிலேயே நிற்கிறேன் என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஓதல் தொடங்கியது. நாற்பது நிமிடம். பஸ்கள் நின்று நின்று போயின, நாங்கள் ஏறவில்லை. இளைய சிப்பாய் எங்களையே பார்த்தான்.

ஓதல் முடிந்தது. கரகரப்பு. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

‘மூடுபனி வெலகுமுன்ன மூணாம் நம்பர் மலையேறி…’

இருபத்தேழு வயது லெட்சுமி, நான்கு ஒலிபெருக்கியிலும், பல்லேகல வீதி முழுக்க. வெள்ளை உடுத்த சனம் திரும்பிப் பார்த்தது. சிப்பாய்கள் இரண்டு பேரும் எழுந்தார்கள். பக்கத்தில் நின்றவள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

‘வீடு வந்து சேருமுன்ன…’

டக். யாரோ நிறுத்திவிட்டார்கள். வீதி அமைதி. இளைய சிப்பாய் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தான்.

லெட்சுமி வாயிலிருந்து சேலையை எடுத்தாள்.

“வெளக்கணைஞ்சு போகுதடி…”

மெதுவா, தங்கச்சி, மெதுவா என்றேன்.

அவள் மெதுவாகப் பாடவில்லை.